மாணாக்கரும் நகரசபையும்

நகரசபை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை குழாய்த் தண்ணீர், குப்பை வண்டி, வீட்டு வரி, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவையே. குழாயில் தண்ணீர் வரும் வரையில் நகரசபை என்று ஒன்று இருப்பதையே நாம் மறந்துவிடுகிறோம். வராதபோது அதனை வைகிறோம். அது ஒரு கல்விக்கூடமும் ஆகும் என்ற எண்ணம் நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை. ஆயினும் அவ்வெண்ணம் இந்நாட்டில் புதிதன்று. 2020-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், மத்திய அரசின் நகர்ப்புற அமைச்சகமும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் சேர்ந்து, பட்டதாரி இளைஞர்களை நகரசபைகளில் பயிற்சிக்கு அமர்த்தும் ‘டியூலிப்’ என்னும் திட்டத்தைத் தொடங்கின. அதனைக் கேட்டவர்கள் இது ஏதோ புதுமை என்றே கருதினர். உண்மையில் அது ஒரு நீண்ட வரலாற்றின் அண்மைக் காலக் கிளையாகும். அவ்வரலாற்றைச் சற்று நோக்குவோம். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழராகிய நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை ஒன்றும் உண்டு. அது யாது என்பதை முடிவில் காண்போம்.

உள்ளூர் ஆட்சியைப் பற்றிப் பேசும் தமிழர் எவரும் உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் விடுவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. குடவோலையைப் பற்றி நாம் நிரம்பக் கேட்டிருக்கிறோம். ஆனால் அக்கல்வெட்டில் நம் கவனத்துக்குரிய வேறொரு விதியும் இருக்கிறது. ஊருக்கு ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எனப் பல வாரியங்கள் உண்டு. இவற்றுள் ஆண்டு முழுவதும் பொது மேற்பார்வை செய்யும் சம்வத்சர வாரியத்துக்கு, கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களாய், தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்னரே செய்தவர்களாய் உள்ளோரையே கொள்ளவேண்டும் என்பது அவ்விதி. ஏட்டுக் கல்வி மட்டும் போதாது. ஏரிக்கரையில் நின்று மடையையும் மதகையும் பார்த்துப் பழகியவனே ஊரின் பொது அலுவலுக்கு உரியவன் என்பது அதன் கருத்து. அச்சபையில் நிலமும் மனையும் உடைய ஆடவருக்கே இடம் இருந்தது. அது ஒரு பிரமதேய ஊரின் சபை. உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் அங்கே இடமில்லை. இக்குறையை மறைத்துப் பெருமை பேசுவது வரலாறாகாது. எனினும், பழகிக் கற்ற பின்னரே பொறுப்பு என்ற நெறியை அவர்கள் கல்லில் எழுதி வைத்தார்கள் என்பதும் மெய்யே.

அந்நெறியின் வேறொரு வடிவத்தை ஆங்கில ஆட்சிக் காலத்தில் காண்கிறோம். 1882-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் ரிப்பன் பிரபுவின் அரசாங்கம் தல சுயாட்சி பற்றிய புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டது. உள்ளூர்ச் சபைகளில் அரசாங்க உத்தியோகஸ்தர் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று அது வகுத்தது. அதன் நோக்கமே நம் பொருளுக்கு இன்றியமையாதது. நிருவாகம் உடனே சீர்ப்படும் என்பதற்காக அன்று. மக்கள் அரசியலில் பயிற்சி பெறவேண்டும் என்பதற்காகவே இவ்வேற்பாடு என்று அத்தீர்மானம் வெளிப்படையாகவே உரைத்தது. தொடக்கத்தில் பிழைகள் நேரும், பழகப் பழகத் தேர்ச்சி வரும் என்பதே அதன் நம்பிக்கை. அதிகாரிகள் பலர் அதனை விரும்பவில்லை. பல ஊர்களில் கலெக்டரே தலைமை தாங்கி வந்தார். ஆகவே ரிப்பன் கண்ட கனவு நனவாவதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

நனவானபோது அதன் பயன் வியக்கத்தக்கதாய் இருந்தது. 1917-இல் சேலம் நகரசபையின் தலைவரானார் இராஜாஜி. அதே காலத்தையொட்டி ஈரோட்டு நகரசபையின் தலைவராய் இருந்தவர் பெரியார் ஈ.வெ.ராமசாமி. பின்னாளில் அரசியலில் எதிரெதிர்த் திசைகளில் சென்ற இருவரும் அடுத்தடுத்த இரு ஊர்களின் குடிநீரையும் சாக்கடையையும் கவனித்தே பொதுவாழ்வைத் தொடங்கினர். அதே 1917-இல் வல்லபாய் படேல் அகமதாபாத் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1924 முதல் 1928 வரை அதன் தலைவராய் இருந்தார். 1923-இல் ஜவாஹர்லால் நேரு அலகாபாத் நகரசபைக்கும், 1924-இல் இராஜேந்திர பிரசாத் பாட்னா நகரசபைக்கும் தலைவராயினர். அதே ஆண்டில் சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தாவின் முதல் மேயரானபோது, நகர நிருவாகத்தின் தலைமை அதிகாரியாக அமர்த்தப்பட்டவர் சுபாஷ் சந்திர போஸ்; அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. நாட்டை ஆள வந்தவர்கள் தெருவை ஆண்டு பழகியவர்கள். நாடு விடுதலை பெற்றபோது ஆட்சியின் தொழில் நுணுக்கம் அறிந்தவர் இல்லையே என்ற கவலை எழாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆனால் இவர்கள் அனைவரும் படித்து முடித்துத் தொழிலில் புகுந்த பின்னர் நகரசபைக்குச் சென்றவர்கள். மாணவப் பருவத்திலேயே உள்ளூரை ஒரு பாடமாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் எப்போது பிறந்தது? அதற்கும் ஏறத்தாழ அதே ஆண்டுகளுக்கே செல்லவேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். நூல்களில் கற்கும் பொருளாதாரத்துக்கும் மாணாக்கர் பிறந்து வளர்ந்த கிராமங்களுக்கும் தொடர்பே இல்லாதிருப்பதை அவர் கண்டார். தம் மாணாக்கரைக் கொண்டு கிராமங்களை நேரில் ஆராயச் செய்தார். நிலம் யார் கையில் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எங்கிருந்து வருகிறது, கிணறுகள் எத்தனை, ஊர்ப் பொதுக் காரியங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்று அவர்கள் எழுதி வந்தவற்றைத் தொகுத்து, தென்னிந்தியக் கிராமங்கள் சில பற்றிய நூலொன்றை 1918-இல் வெளியிட்டார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி முதலிய ஊர்கள் இவ்வாறு பொருளாதார நூலில் இடம்பெற்றன. அதன் சிறப்பு அத்துடன் நிற்கவில்லை. 1936-37-இல் பேராசிரியர் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடியும் ஆராய்வித்து 1940-இல் நூலாக்கினர். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற அம்மையார் அவ்வூர்களுட் சிலவற்றுக்குச் சென்றார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சென்றனர். இந்தியக் கிராமங்களின் மாறுதலைப் பல தலைமுறைகளாகத் தொடர்ந்து அறிய உதவும் மிகச் சில சான்றுகளுள் ஒன்று இது. அதற்கு அடிகோலியவர்கள் கல்லூரி மாணாக்கரே.

கிராமத்துக்கு ஸ்லேட்டர் போல, நகரத்துக்கு ஒருவர் வாய்த்தார். அவர் ஸ்காத்லாந்துக்காரரான பாட்ரிக் கெட்டீஸ். உயிரியல் கற்றவர், நகரமும் ஓர் உயிர் என்றே எண்ணியவர். உலக நகரங்களைப் பற்றித் தாம் அரிதின் தொகுத்த படங்களையும் வரைபடங்களையும் கொண்ட கண்காட்சி ஒன்றை 1914-இல் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார். அக்கப்பலை இந்துமாக்கடலில் மூழ்கடித்தது ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன். ஆம், 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதும், இன்றும் நம் பேச்சு வழக்கில் சூழ்ச்சிக்காரனுக்குப் பெயராய் நிற்பதுமாகிய அதே எம்டன்தான்! கெட்டீஸ் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் புதிதாய்த் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். தஞ்சை, மதுரை முதலாக இந்திய நகரங்கள் பலவற்றைத் தெருத்தெருவாய் நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

நோய்க்கு மருந்து கொடுக்குமுன் நோயை அறியவேண்டும். நகரத்தைத் திருத்துமுன் நகரத்தை ஆராயவேண்டும். அவ்வாராய்ச்சியில் அவ்வூர் மக்களே பங்குகொள்ளவேண்டும் என்பது அவர் கொள்கை. இந்தூரில் பிளேக் நோய் பரவிய காலத்தில், தீபாவளியை ஒட்டி ஒரு பெரும் ஊர்வலத்தை அவர் ஏற்படுத்தினார். எந்தத் தெருக்கள் நன்கு துப்புரவு செய்யப்படுகின்றனவோ அத்தெருக்களின் வழியாகவே ஊர்வலம் செல்லும் என்று அறிவித்தார். வீட்டுக்கு வீடு போட்டி எழுந்தது; நகரம் துலங்கியது. ஆணையால் ஆகாதது ஆர்வத்தால் ஆயிற்று. 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியலுக்கும் குடிமையியலுக்கும் பேராசிரியராக இவரை அமர்த்தியது. 1924 வரை அங்கே கற்பித்தார். வாழும் நகரமே பாடநூல் என்ற கருத்துக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது.

வங்காளத்தில் இரவீந்திரநாத தாகூர் வேறு வழியே அதே முடிவுக்கு வந்தார். 1922 பிப்ரவரி 6-ஆம் நாள் சுருல் என்னும் இடத்தில் லெனர்டு எல்மர்ஸ்ட் என்ற ஆங்கில இளைஞரைத் தலைவராகக் கொண்டு கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஸ்ரீநிகேதனம் எனப் பெயர் பெற்றது. சாந்திநிகேதன மாணாக்கர் சிலர் எல்மர்ஸ்டுடன் அங்கே சென்று மண்வெட்டி பிடித்தனர். சுற்றுக் கிராமங்களில் மலேரியா ஒழிப்பு, கூட்டுறவு, பயிர்த்தொழில் ஆகியவை நடைபெற்றன. விடுமுறையைக் கிராமத் தொண்டில் கழிக்குமாறு காந்தியடிகளும் மாணாக்கரை இடைவிடாது வற்புறுத்தி வந்தார்.

விடுதலைக்குப் பின் இவ்வெண்ணங்கள் அரசின் கொள்கைக்குள் புகுந்தன. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949-இல் அளித்த அறிக்கையில் கிராமப் பல்கலைக்கழகங்களைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதியது. அதன் பயனாக 1956-இல் கிராம உயர்கல்வி நிலையங்கள் எழுந்தன. தில்லி ஜாமியா மில்லியாவிலும், உதயப்பூரிலும், ஸ்ரீநிகேதனத்திலும், கோயம்புத்தூரிலும் அவை தோன்றின. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி.ராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமத்திலும் ஒன்று அமைந்தது. அது 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 1959-இல் சி.டி.தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, உயர்நிலைப் பள்ளி முடித்துக் கல்லூரி புக விரும்பும் ஒவ்வொருவரும் கட்டாயமாகத் தேசியத் தொண்டு செய்யவேண்டும் என்றது. பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே.ஜி.சையிதைன், கட்டாயம் வேண்டாம். விரும்பி வருவோரே போதும் என்றார். சையிதைனின் கருத்தே நிலைபெற்றது.

காந்தி நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அப்போது கல்வி அமைச்சராய் இருந்தவர் டாக்டர் வி.கே.ஆர்.வி.ராவ். அவர் பிறந்த ஊர் காஞ்சிபுரம். தில்லியில் பொருளாதாரக் கல்லூரியை நிறுவிய பெருமை அவரைச் சாரும். முதலில் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணாக்கருடன் தொடங்கிய அத்திட்டம் நாடெங்கும் பரவியது. ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகள் தொண்டு செய்வது அதன் முறை. நம்முள் எத்தனையோ பேர் அதில் மரம் நட்டிருக்கிறோம், சாலை போட்டிருக்கிறோம், இரத்த தானம் செய்திருக்கிறோம்.

இங்கே ஓர் உண்மையை ஊன்றிக் கவனிக்கவேண்டும். மாணாக்கர் கிராமத்துக்குச் சென்றனர். ஆனால் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பெரும்பாலும் செல்லவில்லை. சாலை போட்டனர், அச்சாலைக்குப் பணம் ஒதுக்குவது யார், ஒதுக்காதபோது யாரைக் கேட்பது என்று கற்கவில்லை. தொண்டு வேறு, ஆட்சி வேறு. தொண்டு செய்பவன் விருந்தாளி. ஆட்சியை அறிந்தவன் வீட்டுக்காரன். இந்தக் குறைக்கு மாணாக்கரை மட்டும் பழிப்பது நேர்மையன்று. கற்றுக்கொடுக்கவேண்டிய உள்ளூர்ச் சபைகளே அப்போது நலிந்து கிடந்தன. பல்வந்த்ராய் மேத்தா குழுவின் பரிந்துரைப்படி 1959 அக்டோபர் 2-ஆம் நாள் இராஜஸ்தானத்து நாகௌரில் நேரு பஞ்சாயத்து இராஜ்யத்தைத் தொடங்கி வைத்தார். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் பல மாநிலங்களில் தேர்தல்கள் நின்றன. அதிகாரம் மறுபடியும் தலைநகர்களுக்கே திரும்பியது. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு மாணவரை அனுப்புவது எங்ஙனம்?

நிலைமையை மாற்றியவை அரசியலமைப்பின் 73-ஆம், 74-ஆம் திருத்தங்கள். இவை 1993-இல், முறையே ஏப்ரல் 24-ஆம் நாளும் ஜூன் 1-ஆம் நாளும் நடைமுறைக்கு வந்தன. உள்ளூர்ச் சபையின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடியுமுன் அடுத்த தேர்தல் நடைபெறவேண்டும் என்று அவை விதித்தன. கிராமங்களுக்கு 29 பொருள்களும், நகரங்களுக்கு 18 பொருள்களும் அட்டவணையில் குறிக்கப்பட்டன. இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உத்தரமேரூரில் இல்லாத ஒன்று இது. கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாக உள்ளூர்ச் சபைகளுக்கு அளித்தது. பணமும் பொறுப்பும் வந்து சேர்ந்த இடத்தில்தான் கற்பதற்கும் ஏதேனும் இருக்கும்.

இதன் பின்னரே பயிற்சித் திட்டங்கள் பொருள் பெற்றன. 2014-இல் தொடங்கிய ‘உன்னத பாரத அபியான்’ உயர்கல்வி நிலையங்களை அருகிலுள்ள கிராமங்களோடு இணைத்து, கிராம பஞ்சாயத்தின் வளர்ச்சித் திட்டத்தில் மாணாக்கர் உதவ வழி செய்தது. 2020-இன் டியூலிப் திட்டம் நகரங்களுக்கு உரியது. ஏறத்தாழ 4,400 நகர்ப்புற உள்ளூர்ச் சபைகளை அது நோக்கிற்று. பட்டம் பெற்றுப் பதினெட்டு மாதத்துக்கு மேற்படாதவர்கள் எட்டு வாரம் முதல் ஓராண்டு வரை அங்கே பயிலலாம் என்று வகுத்தது. நகரத் திட்டம், துப்புரவு, நீர், வரி வருவாய், கணக்கு, மின்னணு ஆட்சி எனத் துறைகள் பல. ‘இண்டர்ன்ஷிப்’ என்ற சொல்லுக்கு ‘உள்ளகப் பயிற்சி’ என்று தமிழில் எழுதுகிறோம். சொல் நன்றாகவே அமைந்திருக்கிறது. பயிற்சி உள்ளே சென்று பெறுவதாகவும் அமையவேண்டுமல்லவா? அதுதான் வினா.

வாயிலில் அமர்ந்து கோப்புகளை நகலெடுத்து, கடைசி நாளில் சான்றிதழ் வாங்கித் திரும்புகிற மாணவன் உள்ளே சென்றவன் ஆகான். அதே இரண்டு மாதத்தில் வேறொன்றும் கற்க இயலும். ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். வரிப் பதிவேட்டில் உள்ள வீடுகள் எத்தனை, தெருவில் உள்ள வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். குடிநீர் பற்றி எழுந்த புகார் ஒன்று எந்த மேசையில் தொடங்கி எந்த மேசையில் நிற்கிறது என்று தொடர்ந்து செல்லலாம். வரவு செலவுத் திட்டத்தில் துப்புரவுக்கென எழுதிய தொகையில் ஆண்டிறுதிக்குள் செலவானது எவ்வளவு என்று ஒத்துப் பார்க்கலாம். விடியுமுன் தெருக் கூட்டுவோருடன் ஒரு வாரம் நடக்கலாம். இவற்றைச் செய்தவன் பின்னர் எந்த உத்தியோகத்துக்குச் சென்றாலும், அரசாங்கம் என்பது தன்னைக் கடந்த ஒரு மாயப்பொருள் என்று எண்ணமாட்டான். இதற்கு மாணவனின் ஊக்கம் மட்டும் போதாது. அவனுக்கென ஓர் அதிகாரி பொறுப்பேற்கவேண்டும். அவன் கண்டதைக் கேட்பதற்கு ஓர் அவை வேண்டும். தேர்தல் உரிய காலத்தில் நடவாமல் அதிகாரிகளின் பொறுப்பிலேயே விடப்படும் நகரசபைகளில் மாணவன் நிருவாகத்தைக் காணலாம், மக்களாட்சியைக் காணமாட்டான்.

இனி நம்மைப் பற்றிய செய்திக்கு வருவோம். தமிழன் வேற்றூருக்குக் குடிபெயர்ந்தால் முதலில் கோயில் கட்டுவான், அடுத்துப் பள்ளி கட்டுவான் என்பார்கள். அது பொய்யன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. மும்பையில் 1932-இல் எழுந்த தென்னிந்தியக் கல்விச் சங்கம் பெருங்கல்லூரிகளாய் விரிந்துள்ளது. நம் முன்னோர் பிள்ளைகளின் கல்வியில் குறை வைக்கவில்லை. ஆனால் வாழும் நகரத்தின் பொதுக்காரியங்களில் நாம் எவ்வாறு இருந்துவருகிறோம்? நாற்பது ஆண்டு ஒரே தெருவில் வாழ்ந்தும், “ஊருக்குப் போகிறேன்” என்றால் திருநெல்வேலியையோ தஞ்சாவூரையோதான் குறிக்கிறோம். வார்டு உறுப்பினரின் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். வரி தவறாமல் கட்டுகிறோம். கூட்டத்துக்குத் தவறாமல் போகாதிருக்கிறோம். அந்நகரின் அலுவல் மொழி மராத்தி, அல்லது இந்தி, அல்லது வங்காளி என்பதை ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்கிறோம்.

நம் பிள்ளைகளுக்கு அந்தக் காரணமும் இல்லை. அவர்கள் அம்மொழியில் விளையாடி வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்றையும் கையாளும் ஒரு பெண், தாராவியின் வார்டு அலுவலகத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்கு அமர்ந்தால், அவ்வலுவலகத்துக்கும் படிவம் நிரப்பத் தெரியாமல் வாயிலில் நிற்கும் தமிழ் மூதாட்டிக்கும் அவள் ஒரு பாலமாவாள். அம்மட்டோடு அமையாது; பக்கத்தில் நிற்கும் குஜராத்திக் குயவருக்கும் உத்தரப் பிரதேசத்துத் தொழிலாளிக்கும் அவளே உதவுவாள். தன்னினத்துக்கு என்று தொடங்கிய உதவி ஊருக்கு என்று விரியும். அப்போதுதான் குடியேறியவர் குடிமக்கள் ஆகின்றனர். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதனால் மட்டும் அது நிகழ்ந்துவிடாது.

ஆகவே, பிள்ளைகள் பயிற்சிக்கு எங்கே செல்வது என்ற பேச்சு வீட்டில் எழும்போது, பெருங் கம்பெனிகளின் பெயர்களோடு நகரசபையின் பெயரையும் நாம் சொல்லவேண்டும். அதனால் உதவித்தொகை குறையலாம். உறவினரிடையே சொல்லிக்கொள்ளும் பெருமையும் குறையலாம். ஆனால் சேலத்திலும் அகமதாபாத்திலும் அலகாபாத்திலும் ஒரு நூற்றாண்டுக்கு முன் நாடாள வந்தவர்கள் கற்ற பள்ளி அதுவே. அப்பள்ளியின் கதவு இன்று மாணாக்கருக்கும் திறந்திருக்கிறது. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கொரு பொங்கல் விழா எடுப்பதோடு, தம் பகுதி நகரசபை அலுவலகத்துக்கு ஆண்டுக்கு நான்கு மாணாக்கரையேனும் அறிமுகம் செய்து அனுப்புமாயின், பத்து ஆண்டில் நாற்பது பேர் தாம் வாழும் நகரத்தை உள்ளிருந்து அறிந்தவர்களாவர். ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் முடித்தவர்களாக அவர்களை நாம் கொள்ளலாம். அடுத்த வாரியத்துக்கு அவர்களை எந்த ஊரும் வேற்றாள் என்று விலக்க இயலாது.